முஆவனத் கப்பலின் நிழற்படங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பழைய நிழற்படம் ஒன்றின் அச்சுப்படியைக் கொண்டுவந்து தந்தார். போர்க்கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் மாலுமிகள் மூன்று வரிசையாக நின்றும் அமர்ந்தும் இருந்தனர். எல்லாருடைய தலையிலும் துருக்கித் தொப்பி. எவருடைய முகத்திலும் சிரிப்பில்லை. படத்தின் அடியில், பழைய உஸ்மானிய எழுத்தில், 'முஆவனத்தி மில்லிய்யா' என்று கப்பலின் பெயர் வரையப்பட்டிருந்தது. அதை அடுத்து 'மாயிஸ்' என்றொரு சொல்லும் 1331 என்னும் எண்ணும் காணப்பட்டன.

அரபு எழுத்தோடு நாற்பதாண்டுக் காலம் பழகிய துணிவில் நாம் சற்றும் தயங்கவில்லை. 1331 என்பதை ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டோம். 'மாயிஸ்' என்பது படமெடுத்தவரின் பெயராக இருக்கக்கூடும் என்று எண்ணி விட்டுவிட்டோம். ஹிஜ்ரி 1331 என்பது 1912 டிசம்பரில் தொடங்கி 1913 நவம்பரில் முடிகிறது. பால்கன் போர் நடந்த காலம் அது. 1912 டிசம்பர் 16இல் எல்லிக் கடற்போரிலும், 1913 ஜனவரி 18இல் லெம்னோஸ் கடற்போரிலும் கிரேக்கக் கடற்படைக்கு ஈடுகொடுக்க இயலாமல், உஸ்மானியக் கப்பல்கள் தார்தனெல்ஸ் நீரிணைக்குள் திரும்பின. ஈஜியன் கடல் கைவிட்டுப் போயிற்று. கணக்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஒரு விழாவில் அப்படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டி, "தோல்வியின் துயரம் இம்முகங்களில் எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள்" என்று உரையாற்றினோம். அவையில் பலர் உருகினர். முதியவர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டதையும் கண்டோம்.

நாம் சொன்னது பிழை. 'மாயிஸ்' என்பது எவருடைய பெயரும் அன்று. துருக்கியர் மே மாதத்துக்கு வழங்கும் பெயர். 1331 ஹிஜ்ரி ஆண்டும் அன்று. உஸ்மானிய அரசு 1840 முதல் வரி, சம்பளம், படைத்துறை அலுவல்கள் ஆகியவற்றுக்குக் கையாண்ட 'ரூமி' ஆண்டு. உஸ்மானியத் துருக்கி கற்ற நண்பர் ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டியபோது, படத்தின் காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நகர்ந்து, 1915 மே மாதத்தில் வந்து நின்றது. அதே மாதம் 13ஆம் நாள் பின்னிரவில்தான் அந்தக் கப்பல் 'கோலியாத்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நாம் தோற்றவர்கள் என்று காட்டியவர்கள், அந்தப் பருவத்தில் உஸ்மானியக் கடற்படை பெற்ற மிகப் பெரிய வெற்றியை ஈட்டிய கப்பலின் மாலுமிகள்.

வீட்டுக்கு வந்து அப்படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். முகங்கள் அப்படியே இருந்தன. ஆனால் துயரமாகத் தெரிந்தது இப்போது உறுதியாகத் தெரிந்தது, களைப்பாகக்கூடத் தெரிந்தது. ஒரு முகம் தானாகப் பேசுவதாக நாம் நினைத்ததெல்லாம், அதன் அடியில் இருந்த ஒரு வரியை நாம் எப்படி வாசித்தோம் என்பதன் விளைவே என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு செய்தியைக் கேட்டவுடன் "யாரிடமிருந்து?" என்று வினவும் பழக்கத்தை நம் மதரஸாக்கள் முதலாண்டிலேயே ஊட்டுகின்றன. ஸனது இல்லாத செய்தியை ஏற்பதற்கு ஹதீஸ் மாணவன் கூசுவான். அப்பழக்கத்தை நிழற்படத்தின் வாசலில் நாம் ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்? இந்தக் கப்பலையும் அதன் மாலுமிகளையும் காட்டும் படங்களை எவ்வாறு வாசிப்பது என்று விளக்க முற்படும் இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

முதலில் கப்பலைப் பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்பிடோ என்னும் நீரடிக் குண்டு வந்தபின், மிகச் சிறிய படகும் மிகப் பெரிய போர்க்கப்பலைக் கொல்லக்கூடும் என்ற நிலை ஏற்பட்டது. அத்தகைய டார்பிடோப் படகுகளை விரட்டி அழிப்பதற்காக 1890களில் பிரிட்டன் விரைவான ஒருவகைக் கப்பலைக் கட்டியது. அதுவே நாசகாரிக் கப்பல் எனப் பெயர் பெற்றது. நாளடைவில் நாசகாரியே டார்பிடோவையும் ஏந்தி, தான் அழிக்க வந்த படகின் தொழிலையும் சேர்த்துச் செய்யலாயிற்று. முஆவனத் அவ்வகையைச் சேர்ந்தது. ஜெர்மனியின் எல்பிங் நகரில், ஷிஹாவ் கப்பல் தளத்தில் ஜெர்மன் கடற்படைக்காகக் கட்டப்பட்டுவந்த நான்கு கப்பல்களில் ஒன்று. அந்நகரம் இன்று போலந்து நாட்டில் எல்ப்லாங் என்னும் பெயரில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 74 மீட்டர், அகலம் 8 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எடை ஏறத்தாழ 765 டன். மெலிந்து நீண்ட உடல், கொதிகலன்களுக்கு நிலக்கரி, மேல்தளத்தில் மூன்று டார்பிடோக் குழாய்கள்.

1910இல் உஸ்மானிய அரசு இந்த நான்கையும் வாங்கியது. ஆனால் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1909இல் இஸ்தான்பூலில் தொடங்கப்பட்ட கடற்படை உதவிச் சங்கம் மக்களிடம் திரட்டிய நன்கொடை இதற்குப் பயன்பட்டது. கடனில் மூழ்கிய பேரரசு அது. கடற்படை பல்லாண்டுகள் பொற்கொம்புத் துறையில் துருப்பிடித்துக் கிடந்தது. கப்பல் வேண்டுமாயின் மக்களிடம் கையேந்தியாக வேண்டும் என்ற நிலையில்தான் இச்சங்கம் பிறந்தது. நான்கு கப்பல்களுக்கும் சூட்டப்பட்ட பெயர்களில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முஆவனத்தி மில்லிய்யா என்றால் 'மக்களின் உதவி'. மற்றவை யாதிகாரி மில்லத், நமூனயி ஹமிய்யத், கைரத்தி வதனிய்யா. முறையே 'மக்களின் நினைவுப் பொருள்', 'பற்றுறுதியின் முன்மாதிரி', 'தாய்நாட்டு ஆர்வம்' எனலாம். அரபு மாணவர்கள் இப்பெயர்களில் சற்றே தங்கிச் செல்வது நல்லது. முஆவனத் என்பது 'அவ்ன்' என்னும் உதவியின் வேரிலிருந்து வருவது. அரபியில் இதன் இறுதியில் வட்டத் தாவைக் காண்கிறோம். துருக்கியர் அதை நீட்டுத் தாவாக எழுதி ஒலித்தனர். நடுவில் வரும் இகரம் பாரசீகத்தின் உடைமை உருபு. ஆக ஒரு பெயருக்குள் அரபுச் சொல், பாரசீக இலக்கணம், துருக்கி நா ஆகிய மூன்றும் உள்ளன.

'மில்லத்' என்னும் சொல்லின் பயணம் இன்னும் நுட்பமானது. அரபியில் அது மார்க்க நெறியைக் குறிப்பது. உஸ்மானிய ஆட்சியில் ஒரு மார்க்கத்தைச் சேர்ந்த சமூகத்தைக் குறித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தேசம்' என்ற புதிய பொருளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. எனவே அப்பெயரைப் படித்த அக்கால வாசகர் ஒருவர் 'முஸ்லிம்களின் உதவி' என்று கொண்டிருக்கலாம். இன்னொருவர் 'தேசத்தின் உதவி' என்று கொண்டிருக்கலாம். 'ஹமிய்யத்' அதைவிட வியப்பானது. குர்ஆனின் அல்ஃபத்ஹ் அத்தியாயத்தில் இச்சொல் அறியாமைக் காலத்தின் வீம்பைக் குறிக்க வருகிறது. பழிக்கப்படும் குணம் அது. உஸ்மானியரிடம் அதுவே தாய்நாட்டுக்காகக் கொதிக்கும் நற்குணமாகி, ஒரு கப்பலின் நெற்றியில் ஏறிவிட்டது. அரபுச் சொல்லைக் கண்டவுடன் அரபுப் பொருளைக் கொண்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் வகுப்பறைக்குக் கிடைக்காது.

இனி, படங்கள் ஏன் எடுக்கப்பட்டன என்பதைக் காண்போம். கப்பலையும் மாலுமியையும் படமெடுக்கும் வழக்கம் உஸ்மானியரிடம் ஏற்கெனவே இருந்தது. ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் தம் நாட்டைப் பிறர் காணட்டும் என்று 51 தொகுப்புகளில் 1,800க்கும் மேற்பட்ட நிழற்படங்களைத் திரட்டி, 1893இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கும், அடுத்த ஆண்டு பிரிட்டனுக்கும் அன்பளிப்பாக அனுப்பினார். பள்ளிகள், மருத்துவமனைகள், படைவீரர்கள் ஆகியோருடன் போர்க்கப்பல்களும் அவற்றில் உண்டு. ஐரோப்பியர் தம்மை 'நோயாளி' என்று ஏளனம் செய்த காலத்தில் அனுப்பிய மறுமொழி அது. கப்பல்கள் துறையை விட்டு நகராதிருந்த ஆண்டுகளில், அவை படத்தில் கம்பீரமாகத்தான் நின்றன.

1910க்குப் பின் படத்தின் நோக்கம் மாறியது. கடற்படை உதவிச் சங்கம் அந்த ஆண்டில் ஓர் இதழைத் தொடங்கி, கப்பல்களின் படங்களை அதில் வெளியிட்டுவந்தது. இங்கே படம் அயல்நாட்டுத் தூதர்களுக்காக எடுக்கப்படவில்லை. அனத்தோலியாவின் ஏதோ ஓர் ஊரில் தன் கையிலிருந்த சிறு தொகையைத் தந்தவருக்காக எடுக்கப்பட்டது. "உன் பணம் இதோ மிதக்கிறது" என்று அவருக்குக் காட்டும் பற்றுச்சீட்டு அது. பள்ளிவாசல் கட்டுமான நிதிக்குப் பணம் கொடுத்தவர், மினாரா எழும்பியதும் வந்து அண்ணாந்து பார்க்கும் மகிழ்ச்சி நம் ஊர்களில் எவருக்கும் தெரியாததன்று. முஆவனத் பற்றிய படங்களைப் போர்ப் படங்களாக மட்டும் காண்போர் இந்த உணர்வைத் தவறவிட்டுவிடுகின்றனர். மாலுமிகள் மேல்தளத்தில் அணிவகுத்து நிற்பதும், கப்பல் முழுநீளமும் தெரியும்படி பக்கவாட்டில் எடுக்கப்படுவதும் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவதற்குப் பொருத்தமான நிலைகளே.

படத்தை வாசிக்கும் முறைக்கு வருவோம். நான்கு கப்பல்களும் ஓர் அச்சில் வார்த்தவை. பெயர் தெளிவாகத் தெரியாத படத்தில் முஆவனத்தை யாதிகாரிலிருந்து பிரித்தறிவது தேர்ந்தவர்க்கும் கடினம். இன்னொரு குழப்பமும் உண்டு. இவை ஜெர்மனியில் 'எஸ் 165' முதல் 'எஸ் 168' வரையிலான எண்களைக் கொண்டிருந்தன. உஸ்மானியருக்கு விற்றபின் ஜெர்மானியர் அதே எண்களில் வேறு நான்கு கப்பல்களைக் கட்டிக்கொண்டனர். ஆகவே 'எஸ் 165' என்று குறிப்பிடும் ஜெர்மன் படம் ஒன்று எதைக் காட்டுகிறது என்பது ஆண்டைப் பொறுத்தது. வெற்றி பெற்ற கப்பலின் புகழ், நான்கில் எதன் படம் கிடைத்தாலும் அதன் மீது வந்து ஒட்டிக்கொள்வது இயல்புதான். புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஒருவரின் பெயரில் பிறருடைய அறிவிப்புகள் வந்து சேர்வதை நம் முன்னோர் கண்டறிந்து களைந்ததும் இத்தகைய நோயைத்தான்.

எழுத்து பல வேளைகளில் நமக்குத் துணை செய்கிறது. கண்ணாடித் தகட்டில் எடுத்த படத்தைத் தகடு திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். கப்பலின் உடல் இருபுறமும் ஒன்றுபோலவே இருப்பதால் அதைக் கண்டு பிழையறிய முடியாது. அரபு எழுத்து இடமிருந்து வலமாக ஓடுவதைக் கண்டால் உடனே தெரிந்துவிடும். துருக்கி 1928இல் இலத்தீன் எழுத்துக்கு மாறியபின், அந்த மாலுமிகளின் பேரப்பிள்ளைகளால் தம் பாட்டனார் படத்தின் பின்புறம் எழுதியதைப் படிக்க இயலாமற்போயிற்று. அரபுத்தமிழ் நூல்களை ஓதிப் பழகிய நம் பாட்டிமார் ஒருவர் அதைக் கையில் வாங்கினால், பொருள் தெரியாவிடினும், எழுத்தெழுத்தாக ஒலித்துக் காட்டியிருப்பார். ஓர் எழுத்தைக் கைவிடுவதால் என்னென்ன கைநழுவும் என்பதை எண்ணுகையில் நம் அரபுத்தமிழின் நிலையும் நினைவுக்கு வராமலில்லை. அது வேறு கட்டுரைக்குரியது.

நம்மைக் கவிழ்த்த அந்த ஆண்டுக் கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ரூமி ஆண்டு சூரிய ஆண்டு. மாதங்கள் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றின. ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. எண் மட்டும் ஹிஜ்ரியைத் தழுவி வைக்கப்பட்டது. ஹிஜ்ரி சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது ஆதலால், இரண்டும் காலப்போக்கில் விலகிச் சென்றன. 1915 மே 13ஆம் நாள், ஹிஜ்ரியில் 1333 ஜமாதுல் ஆகிர் 28. ரூமியில் 1331 நீசான் 30. மறுநாள், மே 14, ரூமியில் மாயிஸ் மாதத்தின் முதல் நாள். 1917இல் ஜூலியன் கணக்கின் 13 நாள் வேறுபாடு நீக்கப்பட்டது. 1926 முதல் துருக்கியில் ரூமி ஆண்டே வழக்கொழிந்தது. உஸ்மானியப் படத்தில் முஹர்ரம், ஸஃபர் போன்ற பெயர்களைக் கண்டால் ஹிஜ்ரி என்று கொள்ளலாம். நீசான், மாயிஸ், தம்மூஸ் போன்றவை இருந்தால் ரூமி. மாதமே குறிக்கப்படாமல் எண் மட்டும் இருந்தால் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து, படத்தின் பிற சான்றுகளோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. நம் படத்தின் அடிவரிகூடப் படமெடுத்த நாளைக் குறிக்கிறதா, அச்சிட்ட மாதத்தைக் குறிக்கிறதா என்பது வேறு வினா.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய தகடுகள் சிவப்பு ஒளியை உணரமாட்டா. சிவப்பாக இருந்ததெல்லாம் படத்தில் கறுப்பாகவே விழும். உஸ்மானியக் கொடியின் செந்நிறம் கரிய துணியாகத் தெரிவதும், அதன் நடுவே வெண்பிறை மிதப்பதும் இதனால்தான். செந்நிறத் துருக்கித் தொப்பியும் அவ்வாறே கறுத்துவிடும். அத்தகைய படம் ஒன்றைக் கண்டு, அது கறுப்புக் கொடி என்று வாதிட்ட ஒருவரை நாம் அறிவோம்.

அந்தத் தொப்பி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஜெர்மனியின் கோபென், பிரெஸ்லாவ் என்னும் இரு போர்க்கப்பல்கள் 1914 ஆகஸ்ட் 10இல் தார்தனெல்ஸுக்குள் நுழைந்து, சில நாள்களில் 'யாவுஸ் ஸுல்தான் ஸலீம்', 'மிதில்லி' என்னும் பெயர்களோடு உஸ்மானியக் கப்பல்களாயின. பிரிட்டன் தன் தளங்களில் உஸ்மானியருக்காகக் கட்டிய இரு பெரும் போர்க்கப்பல்களைப் போர் வந்ததும் தானே எடுத்துக்கொண்ட மாதம் அது. கோபெனின் ஜெர்மன் மாலுமிகள் இறங்கவில்லை. துருக்கித் தொப்பியை அணிந்துகொண்டனர், அவ்வளவே. அதே மாலுமிகள், அதே தலைவர் ஸூஷோன். எனவே உஸ்மானியப் போர்க்கப்பல் ஒன்றின் தளத்தில் தொப்பியோடு நிற்பவரெல்லாம் முஸ்லிம் என்றோ துருக்கியர் என்றோ சொல்லிவிட முடியாது. ஜெர்மானியரெல்லாம் கோபெனில் வந்தவர் என்றும் சொல்ல முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்கை எரித்து, தமிழில் 'எம்டன்' என்ற சொல்லையே விட்டுச் சென்ற கப்பலின் எஞ்சிய மாலுமிகள் சிலர், யமன் வழியாகவும் ஹிஜாஸ் இரயில் பாதை வழியாகவும் பயணம் செய்து இஸ்தான்பூலை அடைந்தது 1915 மே 23ஆம் நாள். முஆவனத் கோலியாத்தை மூழ்கடித்த பத்தாம் நாள் அது.

அந்த இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கலிப்போலித் தீபகற்பத்தின் தென்முனையில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் 1915 ஏப்ரல் 25 முதல் கால் பதித்திருந்தன. அங்குள்ள மொர்ட்டோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த கோலியாத், பிரெஞ்சுப் படையின் பக்கத்துக்கு ஆதரவாகப் பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்துவந்தது. ஏறத்தாழ 13,000 டன் எடை கொண்ட பழைய போர்க்கப்பல் அது. 1898இல் நீரில் இறங்கியது. அதைத் தாக்குவதற்கு முஆவனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைவர் அஹ்மத் ஸஃப்வத். டார்பிடோக் கலையில் தேர்ந்த ஜெர்மன் அதிகாரி ருடோல்ஃப் ஃபிர்லே உடன் சென்றார். கப்பல் நள்ளிரவுக்குப் பின் நீரிணையின் ஐரோப்பியக் கரையை ஒட்டி மெல்ல இறங்கியது. மூடுபனி கவிந்திருந்தது. பீகிள், புல்டாக் என்னும் இரு பிரிட்டிஷ் நாசகாரிகள் காவல் இருந்தும் அதைக் காணவில்லை. ஒன்றேகால் மணியளவில் கோலியாத்தின் காவலர்கள் ஒளிக்குறியால் "யார்?" என்று வினவினர். முஆவனத்திலிருந்தும் ஒரு குறி பதிலாகத் தரப்பட்டது. அந்தத் தயக்கத்தின் சில விநாடிகளில் மூன்று டார்பிடோக்கள் நீரில் இறங்கின. ஒன்று கப்பல் தலைவரின் மேடைக்குக் கீழும், ஒன்று புகைபோக்கிக்குக் கீழும், மூன்றாவது பின்பகுதியிலும் தாக்கின. சில நிமிடங்களில் கோலியாத் கவிழ்ந்து மூழ்கியது. அதிலிருந்த சுமார் 750 பேரில் 570 பேர் மாண்டனர். கப்பல் தலைவர் தாமஸ் ஷெல்ஃபோர்டும் அவர்களில் ஒருவர்.

இந்நிகழ்வின் நிழற்படம் ஒன்றுகூட இல்லை, இருக்கவும் முடியாது. மூடுபனி இரவில், அசையும் தளத்திலிருந்து, அக்காலத் தகட்டில் எதுவும் பதிந்திராது. 'கோலியாத் மூழ்கும் காட்சி' என்று யாரேனும் படம் காட்டினால், அது ஓவியமாக இருக்கும். அல்லது பகல் வெளிச்சத்தில் மூழ்கிய வேறு கப்பலாக இருக்கும். அதே மாதம் 25ஆம் நாள் ட்ரையம்ஃப், 27ஆம் நாள் மெஜஸ்டிக் ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை 'யு 21' என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதே கடற்கரையருகே பகலில் மூழ்கடித்தது. அக்காட்சிகளைக் கரையிலும் பிற கப்பல்களிலும் இருந்தோர் கண்டனர். கவிழ்ந்த மெஜஸ்டிக்கின் படங்கள் புகழ் பெற்றவை. அவை கோலியாத்தின் கணக்கில் எழுதப்படுவதை நாமே சில முறை பார்த்திருக்கிறோம். வரலாற்றின் நடுப்புள்ளியான அந்தச் சில நிமிடங்கள் இருளில் இருக்க, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களே நமக்கு எஞ்சியுள்ளன. அவற்றில் மனிதர்கள் அசையாமல் நிற்கிறார்கள்.

கோலியாத் என்பது குர்ஆன் கூறும் ஜாலூத்தின் பெயரே. 765 டன் கப்பல் 13,000 டன் கப்பலை வீழ்த்தியதும், வீழ்ந்ததன் பெயர் ஜாலூத்தாக இருந்ததும் எந்தப் பேச்சாளரையும் சும்மா விடாது. பிழையறிந்தபின் நாமும் அதையே அடுத்த உரையின் தலைப்பாக்க நினைத்தோம். பின்னர் கைவிட்டோம். அந்த 570 பேரில் பள்ளிப் பருவத்தைத் தாண்டாத பயிற்சி அதிகாரிகளும் இருந்தனர். கப்பலுக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் அவர்கள் அல்லர். தார்தனெல்ஸுக்குச் செல்வோம் என்று தீர்மானித்தவர்களும் அவர்கள் அல்லர். அத்தீர்மானத்தை எடுத்தவர்களுக்கிடையே மூண்ட பூசலில் கடற்படைத் தளபதி ஃபிஷர் இரண்டு நாள் கழித்து, மே 15இல், பதவி விலகினார். சர்ச்சில் கடற்படை அமைச்சர் பதவியை இழந்தார். அவர்களுடைய படங்கள் எல்லா நூல்களிலும் உள்ளன.

மீண்டும் மாலுமிகளின் படத்துக்கு வருவோம். கப்பல் தலைவரின் பெயர் அரபு எழுத்தில் 'ஸஃப்வத்' என எழுதப்படும். துருக்கியர் அதை 'ஸஃபெத்' என ஒலிப்பர். 1934இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபின் அவர் 'ஒஹ்காய்' என்ற பெயரையும் ஏற்றார். எனவே ஒரு நூலில் அஹ்மத் ஸஃபெத் பேய் என்றும், மற்றொன்றில் அஹ்மத் ஸஃபெத் ஒஹ்காய் என்றும் வருபவர் ஒருவரே. ஜெர்மன் மூலங்களில் எழுந்த படக்குறிப்புகளில் ஃபிர்லே முன்னே நிற்பார். துருக்கி மூலங்களில் ஸஃபெத் பேய் முன்னே நிற்பார். கப்பலைச் செலுத்தியதிலும் டார்பிடோவை ஏவியதிலும் இருவர் பங்கும் உண்டு. எந்தக் குறிப்பைப் படித்தாலும் அது எந்த மொழியில் பிறந்தது என்று கேட்டுக்கொள்வது நலம்.

அதிகாரிகளைப் பற்றி இவ்வளவு பேசலாம். மற்றவர்கள்? முஆவனத்தில் நூற்றுக்கும் சற்றுக் குறைவானோர் பணியாற்றினர். அந்த இரவில் அவர்களுள் பலர் கடலையே கண்டிருக்கமாட்டார்கள். கொதிகலன் அறையில் நிலக்கரி வாரிப் போடுவோருக்குத் தாக்குதல் என்பது கைவாரத்தின் எடையும், மேலிருந்து வரும் மணியோசையும், திடீரென்று அதிரும் இரும்புச் சுவரும்தான். கப்பல் மெல்லச் செல்லவேண்டும், புகைபோக்கியிலிருந்து பொறி பறக்கக் கூடாது, தப்பி ஓடும்போது முழு வேகம் கிடைக்க வேண்டும். இவையனைத்தும் அவர்கள் கையில் இருந்தன. அவ்வறையின் வெளிச்சம் அக்காலத் தகட்டுக்குப் போதாது. அவர்களைப் படத்தில் காண்பது துறைமுகத்தில், குளித்து, தூய ஆடை அணிந்து, வெயிலில் வரிசையாக நிற்கும்போது மட்டுமே. தம் தொழிலின் எந்த அடையாளமும் இல்லாமல் நிற்கும் அவர்களில் யார் கரி வாரினார், யார் டார்பிடோக் குழாயின் அருகில் நின்றார் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை.

கப்பல்களின் பின்வரலாறு சுருக்கமானது. கைரத் 1916இல் கருங்கடலின் மேற்குக் கரையருகே தரைதட்டி அழிந்தது. யாதிகார் 1917 ஜூலையில் பிரிட்டிஷ் விமானக் குண்டுக்கு இரையாயிற்று. நமூனாவும் முஆவனத்தும் போரில் தப்பி, 1953இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. பெயர் மட்டும் சாகவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் துருக்கி பிரிட்டனில் கட்டச் சொன்ன நாசகாரிக்கு அப்பெயர் வைக்கப்பட்டது. பிரிட்டன் அதை எடுத்துக்கொண்டு 'இன்கான்ஸ்டன்ட்' என்று பெயரிட்டு, 1946இல்தான் துருக்கியிடம் ஒப்படைத்தது. இன்கான்ஸ்டன்ட் என்றால் நிலையற்றது என்று பொருள். உதவி என்ற பெயர் கொண்ட கப்பலுக்கு வந்த பெயர் அது! மூன்றாவது முஆவனத், அமெரிக்காவிடமிருந்து பெற்ற பழைய கப்பல். 1992 அக்டோபர் 2 நள்ளிரவில், கலிப்போலிக்கு வடக்கேயுள்ள ஸாரோஸ் விரிகுடாப் பகுதியில் நேட்டோ ஒத்திகை நடந்தபோது, சரட்டோகா என்னும் அமெரிக்கக் கப்பலிலிருந்து தவறுதலாக ஏவப்பட்ட ஏவுகணைகள் அதைத் தாக்கின. கப்பல் தலைவர் உட்பட ஐவர் இறந்தனர். இன்று 'முஆவனத்' என்ற பெயரில் படம் தேடுவோர் முன் இந்த மூன்று கப்பல்களின் படங்களும் கலந்தே வரும். கருகிய மேடையோடு நிற்கும் கப்பலை 1915ஆம் ஆண்டுப் போரில் காயமுற்றது என்று கருதுவோரும் உண்டு. முதல் முஆவனத் அந்த இரவிலிருந்து சேதமின்றித் திரும்பியது.

மறு ஆண்டு அதே விழாவுக்கு நம்மை மீண்டும் அழைத்திருந்தனர். பேசுவதற்கு முன் அனுமதி பெற்று, அதே படத்தைத் திரையில் இட்டு, சென்ற ஆண்டு நாம் சொன்னது தவறு என்று அறிவித்தோம். மாயிஸ், ரூமி, கோலியாத், 570 பேர் எல்லாவற்றையும் சொன்னோம். அவை அமைதியாகக் கேட்டது. சென்ற முறை கண்ணைத் துடைத்துக்கொண்ட முதியவரும் முன்வரிசையில் இருந்தார். உரை முடிந்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்து, "ஹஜ்ரத், போன வருஷம் சோகம்னீங்க, இந்த வருஷம் வெற்றிங்கிறீங்க. அது இருக்கட்டும். இவங்க பேரெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

கப்பல் தலைவரின் பெயரைச் சொன்னோம். "அவர் இதில் எங்கே?" என்றார். திரையின் அருகே சென்று மூன்று வரிசைகளையும் பார்த்தோம். அதை எங்களால் சொல்ல முடியவில்லை.